கோனி ஐலண்டில் சைக்கிள்: கார் இல்லை, ஹாரன் இல்லை, கொசுவைவிட மோசமான ஒன்று உண்டு

இடது கையால் முழங்காலைச் சொறிந்துகொண்டே வலது கையால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். வலது காலில் மட்டும் முப்பத்தொரு கடி. எண்ணியது என் மகள். ஒவ்வொன்றையும் சுற்றி பேனாவால் வட்டம் வேறு போட்டு வைத்திருக்கிறாள். ஆனாலும் சொல்கிறேன், சிங்கப்பூரில் இருந்த ஐந்து நாளில் கொடுத்த காசுக்கு உருப்படியாக அமைந்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான்.

செலவு, வழி, நேரம் எல்லாம் வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முடிகிறதா பார்ப்போம்.

நான் சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, லாரியும் சொகுசு பஸ்ஸும் முழித்துக்கொள்வதற்குள் ஈசிஆரில் கோவளம் வரை போய்த் திரும்புகிற கூட்டத்தில் ஒருவன். கண் ரோட்டில் இருக்கும், காது முதுகில் இருக்கும். பின்னால் வருவது பைக்கா, வேனா, டிப்பரா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அதனால் செங்காங்கில் இருக்கும் மச்சினன் வீட்டில் இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "மாப்ள, வண்டியே வராத இடம் எதுனா பக்கத்துல இருக்கா?"

"மாமா, எல்லாரும் யுனிவர்சல் போறாங்க. நீங்க காட்டுக்குள்ள சைக்கிள் ஓட்டப் போறீங்களா?" என்றான். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்கா டிக்கெட்டை நாலு பேருக்குப் பெருக்கி, ஒரு டாலருக்கு அறுபத்தஞ்சு ரூபாய் என்று மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன். காடே தேவலை.

கோனி ஐலண்ட் என்றதும் நியூயார்க்கில் அதே பெயரில் இருக்கும் கேளிக்கைப் பூங்கா இடத்தை நினைக்க வேண்டாம். இது சிங்கப்பூரின் வடகிழக்கு ஓரத்தில், பொங்கோல் பக்கம், ஜொகூர் நீரிணையை ஒட்டிக் கிடக்கும் தீவு. மலாய்ப் பெயர் புலாவ் சிராங்கூன். 2015-இல் பூங்காவாகத் திறந்தார்கள். படகெல்லாம் வேண்டாம், இரண்டு பக்கமும் கரையோடு இணைப்பு இருக்கிறது. ஊதா நிற ரயிலில் போய்ப் பொங்கோலில் இறங்கி, 84-ஆம் எண் பஸ் பிடித்தால் பொங்கோல் முனை. பஸ்ஸில் நம் வங்கிக் கார்டையே தட்டினால் போதும். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை திறந்திருக்கும். உள்ளே விளக்கு கிடையாது, அதனால் இருட்டும்வரை இருக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

சைக்கிள் கடை. பெயர் சொல்லப் போவதில்லை, ஆனால் வயிறு எரிகிறது. நெட்டில் மணிக்கு 8 டாலர் என்று பார்த்துவிட்டுப் போனேன். அங்கே, "அது சின்னப் பசங்க வண்டிக்கு, உனக்கு 12" என்றார் கடைக்காரர். சரளைப் பாதையில் ஓட்டுகிற கிராவல் பைக் இருக்கிறதா என்று கேட்டதற்கு, நான் ஏதோ குதிரை கேட்டது போலப் பார்த்தார். கொடுத்தது மவுண்டன் பைக். முன் ஷாக் அப்சார்பர் அமுங்காது, அமுங்கினால் எழும்பாது. கியரை மூன்றில் போட்டால் தானாக நாலுக்குத் தாவும். 50 டாலர் டெபாசிட் கட்டிவிட்டு, மூன்று மணி நேரத்துக்கு 36 டாலர், அதாவது 2,340 ரூபாய் என்று முணுமுணுத்துக்கொண்டே மிதித்தேன். அந்தக் காசில் என் சைக்கிளுக்கு டயரே மாற்றியிருப்பேன்.

மேற்கு வாசலைத் தாண்டினதும் தார் முடிந்தது. சரளையும் மண்ணும் இறுகின பாதை, நம்மூர் ஏரிக்கரைப் பாதை மாதிரி. டயருக்கு அடியில் அந்த நறநற சத்தம். முதல் ஐந்து நிமிடம் பழக்க தோஷத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு காட்டுக்கோழி கடந்து போனதுதான் டிராஃபிக். காது மெல்ல முதுகிலிருந்து முன்னால் வந்தது. அப்போதுதான் அந்த 'உஸ்ஸ்' கேட்டது. சவுக்கு! இருபுறமும் உயர உயரமாக சவுக்கு மரங்கள். காற்று புகுந்தால் கடல் சத்தமா இலைச் சத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத அதே இரைச்சல். சின்ன வயதில் மரக்காணம் அத்தை வீட்டுத் தோப்பில் கேட்டது. விமானம் ஏறி, விசா எடுத்து, கடைசியில் சவுக்குத் தோப்பைப் பார்த்துக் கண் கலங்கி நின்றேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

சாய்ந்து விழுந்த சவுக்கு மரங்களை வீணாக்காமல் பெஞ்சும் பலகையுமாகச் செய்து போட்டிருக்கிறார்கள். நம்மூரில் அது சாரத்துக்குப் போயிருக்கும், இல்லை அடுப்புக்கு.

பிரதான பாதையிலிருந்து சின்னச் சின்ன வழிகள் கடற்கரைக்குப் பிரிகின்றன. அவற்றில் சைக்கிள் கூடாது, நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். நடந்தால் குட்டி மணல்கரை, எதிரே ஜொகூர், அங்கங்கே நங்கூரமிட்ட கப்பல்கள். அழகு என்று சொல்லமாட்டேன், எதிர்க்கரையில் தொழிற்சாலைகள்தான். ஆனால் ஆளே இல்லை. இரண்டு ஆட்களுக்கு இடையே இவ்வளவு காலி இடம் அந்த ஊரில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

இந்தத் தீவுக்கு ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் இது ஹா பார் தீவு. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் டைகர் பாம், அதன் சொந்தக்காரர்களான சகோதரர்களின் தீவு. 1930-களில் இங்கே ஒரு பங்களா கட்டினார்கள். சதுப்புக் காட்டுக்குள் அதன் இடிபாடு இன்னும் இருக்கிறது, பார்க்க விடுவதில்லை. பிறகு 1950-இல் இந்திய வியாபாரி ஒருவர் தீவை வாங்கி, நியூயார்க் போலவே கேளிக்கைப் பூங்கா ஆக்கப் பார்த்தார். திட்டம் படுத்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர் ஜெயித்திருந்தால் இங்கேயும் டிக்கெட் கவுன்ட்டர் வந்திருக்கும். தோற்றது நல்லதாய்ப் போயிற்று, நுழைவு இலவசம்.

பூங்கா திறந்தபோது ஒரு காளை தனியாகத் திரிந்துகொண்டிருந்ததாம். யாருடையது, எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிராமன் என்ற இனம், நம் நெல்லூர், கிர் மாடுகளின் வம்சாவளி, பெரிய திமிலோடு இருக்கும். 2016-இல் செத்துப்போனது. பல்லாயிரம் கேமரா வைத்திருக்கும் ஊரில் விலாசம் தெரியாமல் ஒரு காளை வாழ்ந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

பாதி தூரத்தில் செயின் கழன்றது. மூன்றிலிருந்து நாலுக்குத் தாவும் கியர் இந்த முறை ஐந்துக்கே தாவி, செயினை ஃபிரேமுக்கும் பல்லுக்கும் நடுவில் சொருகிவிட்டது. வெறும் கையால் இழுத்தால் வரவில்லை. எதிரே வந்த எழுபது வயது மதிக்கத்தக்க சீனப் பெரியவர் இறங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே கிடந்த நாட்டு வாதுமை இலைகளில் பெரிதாகச் சிவந்து பழுத்த இரண்டைப் பொறுக்கினார். கைக்கொன்றாகக் கையுறை மாதிரி மடித்துக்கொண்டு, செயினைப் பிடித்து ஒரு சுண்டு. பெடலைப் பின்னால் ஒரு சுற்று. க்ளக். விரலில் கறை இல்லை. "ஓகே லா" என்று இலைகளைப் புதருக்குள் போட்டுவிட்டுப் போனார். "தேங்க்யூ அங்கிள்" என்று நான் கத்தினது அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. இருபது வருஷமாக சைக்கிள் ஓட்டுகிறேன், இந்த இலை வித்தை எனக்குத் தோன்றியதே இல்லை.

செயின் மாட்டிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் விஷயம் நடந்தது. மணல் ஈ. கடுகில் பாதி இருக்கும், கொசு மாதிரி பாட்டுப் பாடி எச்சரிக்கவும் செய்யாது. கடிக்கும்போது லேசாகச் சுருக்கென்றது, தட்டிவிட்டேன், மறந்துவிட்டேன். மறுநாள் காலைதான் கால் முழுக்க அம்மை போட்ட மாதிரி. முழுக்கால் சட்டை போடுங்கள் என்று மச்சினன் சொன்னான். வெயிலில் யார் போடுவார்கள் என்று அரைக்கால் டவுசரில் போனேன். போடுங்கள். தண்ணீரும் கையோடு கொண்டுபோங்கள், நான் போனபோது உள்ளே குடிநீர் எதுவும் கண்ணில் படவில்லை.

கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்தால் லோரோங் ஹாலுஸ் சதுப்பு நிலம். நாணலும் குளமுமாகப் பசேலென்று இருக்கிறது. 1970 முதல் 1999 வரை ஊர்க் குப்பையைக் கொட்டின இடம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். குப்பைக்கடியில் கசியும் நீரை நாணலை வைத்தே சுத்தம் செய்கிறார்கள். எனக்குச் சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஞாபகம் வந்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு வேறு எங்கோ போய்விடும். சிவப்புப் பாலம் தாண்டி, நீர்த்தேக்கக் கரையோரமாகத் திரும்பினேன். நடுவில் செம்மண் பாதை ஒன்று வருகிறது, டயருக்கு அதுதான் அன்றைய விருந்து.

ஒன்பது நிமிடம் தாமதமாக சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு முழு மணிக்கு 12 டாலர் டெபாசிட்டில் கழித்துக்கொண்டார். உங்கள் செயின்தானே கழன்றது என்றேன். சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளைக் காட்டினார், ஆறாவது வரி. வாடகைக்கு எடுக்குமுன் கியரையும் சுவரையும் பார்த்துவிடுங்கள்.

அந்தக் கோபத்தோடு அதே ஊதா ரயிலில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியா. தேக்கா சென்டரில் மட்டன் பிரியாணி, ஏழரை டாலர். ரூபாயில் மாற்றிப் பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்து உட்கார்ந்தேன். கறி எலும்பை விட்டு நழுவியது. கூடவே கொடுத்த பருப்புக் குழம்பைப் பாதியிலேயே காலி செய்துவிட்டுக் கிண்ணத்தோடு போய் நின்றேன். "எவ்ளோ வேணும் தம்பி?" என்று கேட்டு நிரப்பின அக்காவுக்குக் கோடி புண்ணியம். அப்புறம் ஐஸ் போட்ட ஒரு தே தாரிக், இழுத்து ஆற்றின பால் டீ. 12 டாலரை அங்கேயே மன்னித்தேன். இப்போது எழுதும்போது திரும்ப நினைவுக்கு வருகிறது.

மொத்தச் செலவு: சைக்கிள் 48, ரயிலும் பஸ்ஸும் ஐந்துக்குள், சாப்பாடு பத்து. 63 டாலர், சுமார் 4,100 ரூபாய். கடிக்குத் தேய்க்க அங்கேயே வாங்கின கோடாலித் தைலம் இதில் சேராது. டைகர் பாம்காரர் தீவில் கடி வாங்கிவிட்டு எதிர்க்கட்சித் தைலம் தேய்க்கிறேன். என் மனைவி அதில் ஒரு டஜன் எப்படியும் வாங்கியிருப்பாள், அத்தை வரைக்கும் பட்டியல் இருக்கிறது.