மூணாறு டவுனுக்குள் ஒரு நடை

மூணாறுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் மூணாறு டவுனைப் பார்ப்பதே இல்லை. ஜீப் பிடித்து மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், ராஜமலை வரையாடு என்று ஓடிவிட்டு, டவுனில் டீத்தூளும் சாக்லேட்டும் வாங்குவதோடு சரி. தேனி மாவட்டத்துக்காரனான எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாகவே இருக்கும். எங்கள் பக்கத்து ஜனங்களும் நெல்லைச் சீமை ஜனங்களும் தலைமுறை தலைமுறையாக மலையேறிப் போய் உழைத்து உண்டாக்கிய ஊர் அது. அதனால் இந்த முறை வேறெங்கும் போகாமல், பழைய கட்டிடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு டவுனுக்குள்ளேயே நடந்தேன்.

போடிமெட்டில் சோதனைச் சாவடி தாண்டினால் கேரளா. பூப்பாறை, தேவிகுளம் வழியாக பஸ் மூணாறுக்குப் போய்ச் சேரும்போது கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி போன்றவர்கள் கடுமையாகப் போராடினார்கள். கன்னியாகுமரிப் பக்கம் கிடைத்தது, இந்த இரண்டும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. முதலில் போனது மேட்டின் மேலிருக்கும் சிஎஸ்ஐ கிறைஸ்ட் சர்ச். கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிய சுவர், கூர்வளைவு ஜன்னல்கள், குட்டையான கோபுரம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்டத் துரைமார் தங்கள் ஊர் ஞாபகத்தில் கட்டிக்கொண்டது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். 1910 மார்ச்சில் அடிக்கல் போட்டு, அடுத்த வருஷம் ஈஸ்டருக்குத் திறந்துவிட்டார்கள். ரோடே ஒழுங்காக இல்லாத காலத்தில், ஓயாத மழைக்கு நடுவில், ஒரே வருஷத்தில் இவ்வளவு கல்வேலையை முடித்திருக்கிறார்கள். ஒரு மூலைக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். உளி விழுந்த கோடுகள் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன.

வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே தமிழ் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. தலையில் முக்காடு போட்ட பெண்கள், ஸ்வெட்டருக்கு மேல் துண்டு சரியாமல் பிடித்துக்கொண்ட பெரியவர்கள், பழைய மரப் பெஞ்சுகளில் நெருக்கியடித்துக் குழந்தைகள். கீர்த்தனை தொடங்கியபோது அந்த மரக்கூரைக்குக் கீழே சத்தம் நன்றாகக் கூடி நின்றது. வெள்ளைக்காரக் குடும்பங்களுக்காகக் கட்டிய கோயில் இன்றைக்கு உயிரோடு இருப்பது இவர்களால்தான். தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் இங்கே ஆராதனை உண்டு.

எல்லோரும் கலைந்த பிறகு, சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை என்னை உள்ளே விட்டார். "எங்கேருந்து வர்றீங்க தம்பி, போடியா? அப்ப நம்ம ஆளுதான், நிதானமா பாருங்க" என்றார். சுவரில் பித்தளைப் பலகைகள். இங்கே தோட்டம் போட்ட துரைமாரின் நினைவுக்காக வைத்தவை. துடைத்துத் துடைத்துச் சில எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறது. நான் படித்தவரை எல்லாம் மானேஜர்கள், தோட்ட முதலாளிகள் பெயர்கள்தான். கல் சுமந்தவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு பலகையாவது அவர்களுக்கென்று இப்போதாவது வைக்கலாம் என்று அங்கே நின்றபோது பலமாகத் தோன்றியது. கோயில்பிள்ளையிடம் சொன்னேன். "வைக்கணும்தான் தம்பி, எங்க தாத்தாவே கங்காணி கூட்டிட்டு வந்த ஆளுதான்" என்றார். கங்காணி என்றால் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வந்த மேஸ்திரி.

சர்ச்சைவிடப் பழையது அதன் பின்னால் குன்றில் இருக்கும் கல்லறைத் தோட்டம். சர்ச்சுக்கு அடிக்கல் விழுவதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, 1894 டிசம்பரில், முதல் அடக்கம் நடந்துவிட்டது. எலினார் இசபெல் மே என்ற இருபத்துநாலு வயதுப் பெண். இங்கிருந்த தோட்டங்களின் முதல் ஜெனரல் மானேஜர் ஹென்றி மான்ஸ்பீல்டு நைட்டைக் கல்யாணம் செய்து கப்பலேறி வந்தவர், வந்த கொஞ்ச நாளிலேயே காலரா கொண்டுபோய்விட்டது. இந்தக் குன்றில் கணவரோடு உலாவும்போது, "நான் செத்தால் இங்கேயே புதையுங்கள்" என்று அந்தப் பெண் சொன்னதாக ஊரில் ஒரு கதை உண்டு. மேலே ஏறும் பாதை வழுக்கும், மழைக்காலத்தில் அட்டையும் உண்டு. ஆனாலும் ஏறிப் பாருங்கள். மலேரியா, காலரா என்று துரைமாரும் கூலிக்காரர்களும் ஒன்றாகச் செத்த காலம் அது. துரைமாருக்குக் கல்லறையாவது மிஞ்சியது.

அங்கிருந்து மவுண்ட் கார்மல் சர்ச். ஹைரேஞ்ச் என்று சொல்லும் இந்த மலைப்பகுதியில் கத்தோலிக்கர்களின் முதல் கோயில் இது. ஃபாதர் அல்போன்ஸ் 1898-இல் தொடங்கினார். 2024-இல் இதைப் பசிலிக்கா என்ற சிறப்பு அந்தஸ்துக்கு உயர்த்தினார்கள், இடுக்கி மாவட்டத்திலேயே முதல் பசிலிக்கா. கட்டிடமாகப் பார்த்தால் கிறைஸ்ட் சர்ச் அளவுக்கு என்னை இழுக்கவில்லை. ஆனால் அதன் வாசலில் நின்று பார்த்தால் டவுனின் அமைப்பு புரியும். ஒரு குன்றில் இந்த சர்ச், இன்னொன்றில் சுப்பிரமணிய சுவாமி கோயில், மற்றொன்றில் பள்ளிவாசல், நடுவில் கடைத்தெருவும் ஆறும்.

அப்புறம் தேயிலைக் கம்பெனி. மூணாறில் கம்பெனி என்றால் ஒன்றுதான். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு ராஜாவிடம் இந்த மலையைக் குத்தகைக்கு வாங்கினார். 1895-இல் ஃபின்லே மியூர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி உள்ளே வந்தது. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது, பிறகு டாடா, 2005-இலிருந்து தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ், சுருக்கமாக கேடிஎச்பி. டவுனில் இருக்கும் அவர்கள் ஆபீஸ் ஒருகாலத்தில் ரயில்வே ஸ்டேஷன். ஆமாம், மூணாறில் ரயில் ஓடியது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாகி, ஆவி இன்ஜின் டீப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் போனது. அங்கிருந்து ரோப்வேயில் பெட்டிகள் நேரே கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி. மேலே ஆங்கிலேயன், கீழே எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் என்று ஒரே சங்கிலியாக ஓடிய வியாபாரம்.

1924 ஜூலையில் எல்லாம் போயிற்று. நாள்கணக்கில் பெய்த மழையில் மலை சரிந்து மாட்டுப்பட்டியில் இரண்டு குன்றுகளுக்கு நடுவே தானாக ஓர் அணைபோல மண் அடைத்துக்கொண்டது. அது உடைந்தபோது தண்ணீர் டவுனையே வாரிக்கொண்டு போனது. தண்டவாளத்தைத் திரும்பப் போடவே இல்லை. மலையாளிகளின் கொல்லம் ஆண்டு 1099-இல் நடந்ததால் இங்கே பெரியவர்கள் இன்றும் தொண்ணூத்தொம்பது வெள்ளம் என்றே சொல்கிறார்கள். மேட்டில் இருந்ததால் கிறைஸ்ட் சர்ச் தப்பியது. கீழே கடைத்தெருவில் இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுந்தது. 2020 ஆகஸ்டில் ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் தொழிலாளர் குடியிருந்த லயங்களோடு எழுபது பேர் மண்ணில் புதைந்த பிறகு, அந்தப் பழைய வெள்ளத்தை வெறும் சரித்திரமாக என்னால் படிக்க முடியவில்லை. செத்தவர்கள் அநேகமாக எல்லோருமே தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். கயத்தாறு பக்கத்தில் அவர்களுக்குச் சொந்தங்கள் உண்டு.

ஹைரேஞ்ச் கிளப் 1909-இல் வந்தது. நெடுங்காலம் சர்வீஸ் போட்ட துரைமாரின் தொப்பிகளை உள்ளே பார் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். உறுப்பினரோ அங்கே தங்குபவரோ இல்லாமல் உள்ளே விடுவது சிரமம். நான் வெளியே நின்று தோட்டத்தையும் தகரக்கூரையையும் பார்த்துவிட்டு நகர்ந்தேன். அதைவிட நல்லதண்ணியில் இருக்கும் டீ மியூசியத்துக்கு நேரம் ஒதுக்கலாம். பழைய ரயிலின் சக்கரம் ஒன்று அங்கே இருக்கிறது, பழைய கொழுந்து உருட்டும் மெஷினும் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை.

இவ்வளவும் பார்த்த பிறகு டாப் ஸ்டேஷனுக்குப் போனால் அந்த இடம் வேறு மாதிரி தெரியும். வியூ பாயிண்டில் எல்லோரும் மேகத்தைப் படம் எடுப்பார்கள். நீங்கள் கீழே குரங்கணிப் பள்ளத்தாக்கைப் பாருங்கள், டீப்பெட்டிகள் தொங்கிக்கொண்டு இறங்கிய பாதை அதுதான். இங்கிருந்து நடந்தே குரங்கணிக்கு இறங்க ஆசைப்படுபவர்கள் முதலில் வனத்துறை அனுமதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 மார்ச் காட்டுத்தீக்குப் பிறகு அந்தப் பாதையில் கட்டுப்பாடு அதிகம்.