ஸ்கேல் வைத்து அளந்த செய்தி

மும்பை லோயர் பரேலில் ஒரு விளம்பர ஏஜென்சியில் பில் பாஸ் பண்ணுவது என் வேலை. கேட்க ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். ஆனால் பேப்பர்காரர்களை ஜனங்கள் ஏன் நம்புவதில்லை என்று யாராவது கருத்தரங்கம் போட்டால், பேராசிரியர்களுக்கு முன்னால் என் மாதிரி நாலு பில்லிங் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும்.

கம்பெனி விளம்பரம் கொடுக்கும். நாங்கள் பேப்பருக்கு ஆர்.ஓ., அதாவது ரிலீஸ் ஆர்டர், போடுவோம்: எந்தத் தேதி, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எத்தனை சதுர சென்டிமீட்டர். விளம்பரம் வந்த பிறகு பேப்பர் ஆபீஸ் பில்லோடு டியர்ஷீட் அனுப்பும், அதாவது விளம்பரம் வந்த அந்தப் பக்கத்தையே. நான் ஸ்கேல் வைத்து அளப்பேன். சரியாக இருந்தால் ஏஜென்சியின் 15 சதவீத கமிஷனைக் கழித்து, 5 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து பணம் போகும். அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் பில் நிற்கும். அதில் நான் கறார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டியர்ஷீட் வந்தது. பக்கத்தை மேலும் கீழும் பார்க்கிறேன், விளம்பரத்தையே காணோம். சீனியரிடம் கொண்டுபோனேன். அவர் நாலு காலம் அகலச் செய்தி ஒன்றின் மேல் விரலை வைத்து, "இதுதான், அள" என்றார். தலைப்பு, படம், "இந்தப் பகுதியில் வீடு வாங்க இதுவே சரியான நேரம்" என்று யாரோ நிபுணரின் கருத்து, எல்லாம் அசல் செய்தி போலவே. மூலையில் எறும்பு சைஸில் விளம்பரம் என்று ஒரு அடையாளம். அந்த பில்டர் அனுப்பிய மெயிலும் ஃபைலில் இருந்தது. அந்த வார்த்தையை எவ்வளவு சின்னதாகப் போட முடியுமோ அவ்வளவு சின்னதாகப் போடச் சொல்லியிருந்தார்கள். சாதாரண விளம்பரத்தைவிட இதற்கு ரேட்டும் கூட. ஏன் கூட? விளம்பரத்தை யாரும் நம்பமாட்டார்கள், செய்தியை நம்புவார்கள். அந்த நம்பிக்கைக்குத்தான் கூடுதல் காசு. வருஷக்கணக்காக அதை விற்றுத் தின்றுவிட்டு, இப்போது அது குறைந்துவிட்டதே என்று தலையங்கம் எழுதினால் என்ன சொல்வது!

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. 2003-ல் டைம்ஸ் குழுமம் மீடியாநெட் என்று ஒரு பிரிவையே இதற்காகத் தொடங்கியது. இணைப்புப் பக்கங்களில் பணம் கொடுத்து இடம் வாங்கிக்கொள்ளலாம். பாம்பே டைம்ஸ் இணைப்பின் பெயருக்குக் கீழே விளம்பரம், பொழுதுபோக்கு, புரமோஷன் என்று பொடி எழுத்தில் அச்சடித்தும் விடுகிறார்கள். சென்ட்ரல் லைனில் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் அதைப் படித்தவர் எத்தனை பேர்? அடுத்து வந்தது பிரைவேட் ட்ரீட்டி: விளம்பரத்துக்குப் பணத்துக்குப் பதிலாக அந்தக் கம்பெனியின் பங்குகளையே வாங்கிக்கொள்வது. பங்கு கையில் இருக்கும்போது அந்தக் கம்பெனியைப் பற்றி எப்படிக் கெட்ட செய்தி போடுவார்கள்? பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபிக்கே சந்தேகம் வந்து, 2010-ல் இப்படிப்பட்ட பங்குகளை வெளியே சொல்ல வேண்டும் என்று ஆனது.

பெரிய கூத்து 2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலில். முதல்வர் அசோக் சவானைப் பாராட்டி ஒரே கட்டுரை, வார்த்தை மாறாமல், ஒன்றோடொன்று போட்டி போடுகிற மராத்தி நாளிதழ்களில் வந்தது. தி இந்துவில் பி. சாய்நாத் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். தேர்தல் செலவில் பேப்பர் விளம்பரத்துக்கு என்று சவான் கணக்குக் காட்டியது 5,379 ரூபாய். என் அனுபவத்தில், அந்தக் காசுக்கு ஒரு பெரிய பேப்பரில் காணாமல் போனவர் அறிவிப்பு வரலாம். பணம் கொடுக்கவே இல்லை என்பது அவர் தரப்பு. 2014-ல் தேர்தல் ஆணையம் அவர் கணக்கை ஏற்க மறுத்தது, அதே வருஷம் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இப்படிக் காசுக்கு வருகிற செய்திகளை விசாரிக்க பிரஸ் கவுன்சில் முன்பே ஒரு துணைக்குழு போட்டிருந்தது. அதில் இருந்த பரஞ்சோய் குஹா தாகுர்தாவும் ஸ்ரீநிவாஸ் ரெட்டியும் பேப்பர்களின் பெயரைச் சொல்லியே 71 பக்க அறிக்கை கொடுத்தார்கள். கவுன்சில் அதை முழுசாக வெளியிடாமல் சுருக்கி ஒன்றை வெளியிட்டது. தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகுதான் 2011-ல் முழு அறிக்கை வெளியே வந்தது.

எங்கள் பெரியப்பாவுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது, தீர்ப்பு மட்டும் தெரியும். "எல்லாப் பயலும் காசு வாங்கிட்டு எழுதுதான்." பாவூர்சத்திரத்துப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் தாராவிக்கு வந்து தோல் கிடங்கில் கணக்கெழுதியவர். தொண்ணூறடி ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து தினத்தந்தியை ஒரு வரி விடாமல் படிப்பார். நம்பாத பேப்பரை எதற்கு இப்படிப் படிக்கிறீர்கள் என்றால், "எவன் எவ்வளவு வாங்கியிருக்கான்னு பாக்கத்தான்" என்பார்.

பெரியப்பாவோடு நான் ஒத்துப்போகாத இடம் ஒன்றுதான். காசு வாங்கியது எழுதுகிற பயல் இல்லை. நான் பாஸ் பண்ணின பில் எதிலும் நிருபர் பெயர் இருந்ததில்லை. பேரம் நடப்பது மார்க்கெட்டிங் ஆட்களோடு, ஏ.சி. அறையில், காபி பிஸ்கட்டோடு. பிரஸ் மீட்டில் கிஃப்ட் கூப்பன் வாங்குகிற நிருபர்கள் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். அதெல்லாம் சில்லறை. சயான் கோலிவாடாவில் வளர்ந்த ஒரு பெண் இங்கிலீஷ் பேப்பரில் நிருபராக இருக்கிறாள். வீடு கைக்கு வராமல் ஆசாத் மைதானத்தில் தர்ணா உட்கார்ந்தவர்களிடம் வெயிலில் நின்று பேட்டி எடுத்தாள். "இடமில்லை அக்கா, நாளைக்குப் போடறாங்களாம்" என்று அடுத்தடுத்து சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. அதில் பில்டருக்குப் பெயர் இல்லை, "நகரின் பிரபல கட்டுமான நிறுவனம்" என்று மட்டும் இருந்தது. அந்த வாரம் அதே பேப்பரின் முன்பக்கத்தை முழுசாக மூடி ஜாக்கெட் விளம்பரம் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும், பில் என் மேஜைக்குத்தான் வந்தது. (நானும் இங்கே பெயரைப் போடவில்லை, கவனித்திருப்பீர்கள். எனக்கும் மாசம் பிறந்தால் சம்பளம் வேண்டும்.)

எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) ஒரு பையனை மொபைல் திருடினான் என்று பிடித்தபோது பெயர், வயது, தாராவி, எந்த சால் என்பது வரை அச்சில் வந்தது. பிறகு அவன் மேல் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. தமிழ்ப் பேப்பர்களும் இதில் சளைத்தவை இல்லை. "பிரபல ஜவுளிக்கடை", "பிரபல தனியார் மருத்துவமனை" என்று போடுவார்கள், ஊருக்கே தெரியும், பேப்பருக்கு மட்டும் தெரியாது. அந்தப் பையனின் அம்மாவிடம் போய் பத்திரிகை சுதந்திரம் ஜனநாயகத்தின் தூண் என்று சொல்லிப்பாருங்கள்.

திட்டு மட்டும் நிருபர்களுக்கே போகிறது. 2011-ல் ஜே. டே என்ற நிருபரை மும்பை பவாயில் நடுரோட்டில் சுட்டுக் கொன்றார்கள், அவர் எழுதியது நிழலுலகத்தைப் பற்றி. 2020 ஏப்ரலில் மும்பையில் 171 பத்திரிகையாளர்களுக்குப் பரிசோதனை செய்ததில் 53 பேருக்கு கொரோனா. களத்தில் அலைந்தவர்கள் அவர்கள். அதே மாதம்தான் வீடுவீடாகப் பேப்பர் போடக்கூடாது என்று மாநில அரசு உத்தரவு போட்டது. பிறகு அனுமதி கிடைத்தபோது எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகள் திரும்ப வாங்கவே இல்லை. கோபத்தால் இல்லை. பேப்பர் இல்லாமலே பொழுது போகிறது என்று தெரிந்துவிட்டது. பழைய பேப்பர் வாங்குகிற ரத்திக்காரர்தான் பாவம், வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் முழுசாக நம்பிக்கை போய்விட்டது என்றும் சொல்லமுடியாது. 2024-ல் ஏரிகளில் தண்ணீர் குறைந்து, மே 30 முதல் 5 சதவீதம், ஜூன் 5 முதல் 10 சதவீதம் தண்ணீர் வெட்டு என்று பேப்பரில் வந்தது. தாராவியில் ஒருவரும் இது பொய், காசு வாங்கி எழுதியது என்று சொல்லவில்லை. டிரம்மும் குடமும் வாசலுக்கு வந்தன. பெரியப்பா டீக்கடையிலிருந்தே பெரியம்மாவுக்குப் போன் போட்டு டிரம்மைக் கழுவி வைக்கச் சொன்னாராம். விடுவேனா நான்? இதை மட்டும் எப்படி நம்பினீர்கள் என்று போய்க் கேட்டேன்.

"ஏட்டி, தண்ணி வராதுன்னு எழுத எவன் காசு குடுப்பான்?" என்றார்.