குழாய்க்குள் ரோஸ் தண்ணீர்

கனடாவில் கல்கரிக்கு வந்த நான்காம் வருஷம், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் பழைய டிரெயிலர் ஒன்று வாங்கினோம். கட்டில், அடுப்பு, சிங்க், டாய்லெட் எல்லாம் அடங்கிய சின்ன வீடு. அந்தக் கோடையில் பிள்ளைகளோடு கனனாஸ்கிஸ் மலைப்பக்கம் நான்கு தடவை போய்த் தங்கினோம். அக்டோபரில் வீட்டோரம் கொண்டுவந்து நிறுத்தி, தண்ணீர்த் தொட்டியையும் ஹீட்டரையும் வடித்துவிட்டேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நான் வளர்ந்தது கோவில்பட்டியில். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுடும். குழாயில் தண்ணீர் வராத கவலை எனக்குத் தெரியும். குழாயில் தங்கிவிட்ட தண்ணீருக்குப் பயப்பட வேண்டும் என்பது தெரியாது.

மே மாதம் தோட்டக் குழாயை மாட்டித் திறந்ததும் சுவருக்குள் சளசளவென்று சத்தம். வெளியில் கால் கழுவ வைத்திருக்கும் ஷவரின் பிளாஸ்டிக் இணைப்பு வெடித்திருந்தது. டாய்லெட் வால்விலும் பம்பின் தலையிலும் மயிரிழை போலக் கீறல். நனைந்த பலகையைப் பெயர்த்து எடுத்தபோது மனைவி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பல வருஷமாக டிரெயிலர் வைத்திருப்பவர். அவர்தான் விளக்கினார். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகுகிறது. குழாயில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவே மாட்டிய தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறி, எந்த இணைப்பு பலவீனமோ அது வெடிக்கிறது. தொட்டியை வடித்தாலும் பள்ளமான வளைவுகளில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, குளிரில் எளிதில் உறையாத ஆன்டிஃப்ரீஸ் திரவத்தை நிரப்ப வேண்டும். காருக்கு ஊற்றுவது கூடவே கூடாது. அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால்; இனிக்கும், ஆனால் விஷம். டிரெயிலர் குழாய்க்கென்று ரோஸ் நிறத்தில் விற்பதை வாங்க வேண்டும். அதிலும் சிலது ஆல்கஹால் கலந்தது, எளிதில் தீப்பற்றும், ரப்பர் வளையங்களையும் காயவைக்கும். நான் லேபிளைப் படித்து, விஷத்தன்மை குறைவான ப்ரொப்பிலீன் கிளைக்கால் மட்டுமே எடுப்பேன்.

கேனில் மைனஸ் 45 டிகிரி என்று போட்டிருக்கும். அதுவரை உறையாது என்று அர்த்தமில்லை, குழாய் வெடிக்காது என்றுதான் அர்த்தம். மிச்சம் இருந்த கேனை ஒரு ஜனவரியில் வெளியே வைத்துப் பார்த்தேன். மைனஸ் 20-இல் சர்பத் கடையில் சுரண்டிய ஐஸ் மாதிரி ஆகியிருந்தது. குச்சியை விட்டேன், உள்ளே இறங்கியது. அதில் இருக்கும் தண்ணீர் முதலில் துகள் துகளாக உறைய, மிச்சத் திரவத்தில் கிளைக்கால் செறிவாகி, அது இன்னும் குளிரில்தான் உறையும். கட்டி ஒன்று இறுகி அடைக்காததால் பெருகுவது நகர்ந்துகொள்கிறது. இதனால்தான் அதில் தண்ணீர் கலந்து மிச்சம் பிடிக்கக் கூடாது என்கிறார்கள்.

இப்போது செப்டம்பர் பாதியிலேயே வானிலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். எல்லாத் தொட்டியையும் வடித்து, ஃபில்டரைக் கழற்றி, ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிப் போகவிடும் பைபாஸ் வால்வைத் திருப்புவேன். திருப்பாவிட்டால் ஹீட்டரே இருபது லிட்டருக்கு மேல் குடித்துவிடும். பம்பின் உறிஞ்சு குழாயைக் கேனில் விட்டால், எங்கள் டிரெயிலருக்கு இரண்டு மூன்று கேன் போதும். சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் இரண்டையும் ரோஸ் நிறம் வரும்வரை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், டாய்லெட் பெடலையும் மிதிக்க வேண்டும். சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயிலும் ஒரு டம்ளர் ஊற்றுவேன். வசந்தத்தில் நல்ல தண்ணீர் விட்டு, நிறமும் நுரையும் போகும்வரை அலசினால் சரி.

வெளி ஷவர் மகளின் பொறுப்பு. போன வாரம் ஜாக்கெட்டும் குல்லாவுமாக நின்று பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் காற்றோடு இரண்டு துப்பல், அப்புறம் வெளிறிய ரோஸ். "இன்னும் நல்லா சிவக்கட்டும்ப்பா, மூடாதீங்க" என்றாள்.