ஏழு கிலோவுக்குள் இரண்டு பாடி, மூன்று லென்ஸ்

விமானத்துக்கு கேமரா பை வாங்கப் போகிறவர்கள் முதலில் டேப் எடுத்து நீளம், அகலம் பார்க்கிறார்கள். 55 × 35 × 25 செ.மீ.க்குள் அடங்கினால் நிம்மதி. ஆனால் நம் ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் தராசில்தான். இண்டிகோ, ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ், ஸ்ரீலங்கன் எதை எடுத்தாலும் எகானமியில் கைப்பைக்கு 7 கிலோ. அமெரிக்க யூடியூபர்கள் சொல்லும் பையை அப்படியே வாங்காதீர்கள். அங்கே பெரிய நிறுவனங்களின் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு எடை வரம்பே கிடையாது. அவர்கள் கொண்டாடும் பெலிக்கன் 1510 பெட்டி காலியாகவே 5.4 கிலோ. மிச்சம் ஒன்றரை கிலோவில் ஒரு பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) ஒரு லென்ஸும் வைக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு கல்யாண போட்டோகிராபரின் வழக்கமான செட்டைக் கூட்டிப் பார்ப்போம். சோனி ஏ7 IV பேட்டரியோடு 658 கிராம். இரண்டு பாடி 1,316. சோனியின் ஜிஎம் II லென்ஸ் வரிசையில் 24-70 மி.மீ. லென்ஸ் 695 கிராம், 16-35 லென்ஸ் 547, 70-200 லென்ஸ் டிரைபாட் மாட்டும் காலர் இல்லாமல் 1,045. இதுவரை 3.6 கிலோ. உபரி பேட்டரி நான்கு, ஃபிளாஷ், சார்ஜர், கார்டுகள் சேர்ந்து இன்னொரு 1.1. 13 இன்ச் மேக்புக் ஏர் 1.24. நல்ல தடிமனான குஷன் வைத்த பை 2 கிலோ. மொத்தம் 8-ஐ நெருங்கிவிடும்.

முதலில் கை வைக்க வேண்டியது பையில்தான். ஒரு கிலோவுக்குள் இருக்கும் சாதாரண பேக்பேக்கில், தனியாக விற்கும் குஷன் இன்சர்ட்டை (பைக்குள் வைக்கும் மெத்தைத் தடுப்புப் பெட்டி) செருகிக்கொண்டால் முக்கால் கிலோவாவது குறையும். இரண்டாவது, லேப்டாப்பை கேமரா பையில் வைக்காதீர்கள். இண்டிகோவில் கைப்பை தவிர 3 கிலோ வரை ஒரு சின்ன லேப்டாப் பை அனுமதி உண்டு. லேப்டாப், சார்ஜர்கள், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதற்குள் போகட்டும். அப்படியும் எடை 7 கிலோவைத் தாண்டினால் 70-200 மாட்டிய பாடியைக் கழுத்தில் தொங்கவிடுங்கள். கழுத்தில் இருப்பதைத் தராசில் வைக்கச் சொல்வது அபூர்வம். டிராலி வேண்டாம்: சக்கரமும் கைப்பிடியும் எடையைத் தின்னும், கவுன்டரில் இருப்பவர் கண்ணும் முதலில் டிராலி மேல்தான் விழும்.

இன்சர்ட்டுக்கு இன்னொரு பயன், எல்லாவற்றையும்விடப் பெரிய பயன். தூத்துக்குடி, சேலம் மாதிரி ஊர்களுக்குப் போகும் ஏடிஆர் என்ற சின்ன விமானங்களில் மேலே இருக்கும் பெட்டி சின்னது. கொஞ்சம் பருத்த பையைப் படிக்கட்டருகிலேயே வாங்கி, டேக் போட்டு, கீழே ஏற்றிவிடுவார்கள். பெரிய விமானத்திலும் கடைசியாக ஏறினால் இதே கதிதான். அந்த நேரத்தில் வாதாடிப் பயனில்லை. ஜிப்பைத் திறந்து இன்சர்ட்டை அப்படியே உருவிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் பையைக் கொடுத்துவிடலாம். முன் சீட்டுக்கு அடியில் போகிற உயரத்தில் இன்சர்ட் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

அப்படிக் கொடுக்கும் பையில் ஒரு உபரி பேட்டரிகூட இருக்கக் கூடாது. பவர் பேங்கும் அப்படியே. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் இருப்பவர்கள் உடனே பார்த்து அணைக்க முடியும். சரக்கறையில் அது முடியாது. வரம்பு வாட்-அவரில் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு): 100 வரை யாரையும் கேட்க வேண்டாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு இரண்டு, அதற்கு மேல் கிடையாது. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். ஏ7 IV-க்குப் போடும் சோனி எஃப்இசட்100 பேட்டரி: 7.2 × 2.28 = 16.4. வீடியோக்காரர்களின் பெரிய வி-மவுன்ட் பேட்டரி: 14.4 × 6.8 = 98, தப்பித்தது. 20,000 எம்ஏஎச், அதாவது 20 ஆம்பியர்-அவர் பவர் பேங்க்: 3.7 × 20 = 74. அதே கணக்கில் 30,000 எம்ஏஎச் என்றால் 111, கேட்காமல் கொண்டுபோகும் வரம்பைத் தாண்டிவிட்டது. எண் அழிந்துபோன பழைய பேட்டரியும், எதுவுமே அச்சிடாத மலிவு பேட்டரியும் செக்யூரிட்டியில் குப்பைக்கூடைக்குப் போகும். கணக்குச் சொல்லி மீட்க முடியாது.

உபரி பேட்டரியின் உலோக முனைகளுக்கு மூடி போடுங்கள். மூடி தொலைந்திருந்தால் செல்லோ டேப் போதும். சில்லறையோ சாவியோ இரண்டு முனைகளையும் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். 2025 ஜனவரி 28-ல் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்த பிறகு பவர் பேங்க் மேல் கெடுபிடி கூடிவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் முதலும் பறக்கும்போது அதைப் பயன்படுத்தத் தடை விதித்தன. எமிரேட்ஸில் ஆளுக்கு ஒன்றுதான்.

எக்ஸ்ரேயில் கேமராவை வெளியே எடுத்துத் தனி ட்ரேயில் வைக்கச் சொல்வார்கள். ஸ்ட்ராப்பைச் சுருட்டி ட்ரேக்குள் தள்ளிவிடுங்கள். வெளியே தொங்கினால் பெல்ட் முடியும் இடத்தில் உருளைகளுக்கு நடுவே சிக்கி, ட்ரே நிற்கும், பின்னால் வரும் ட்ரே வந்து லென்ஸில் இடிக்கும். ஆன் செய்து காட்டச் சொன்னால் காட்ட வேண்டும், அதனால் பாடியில் சார்ஜ் உள்ள பேட்டரி இருக்கட்டும். சென்சாருக்கும் மெமரி கார்டுக்கும் எக்ஸ்ரேயால் ஒன்றும் ஆகாது. ஃபிலிம் வைத்திருந்தால் செக்-இன் பெட்டியில் போடவே வேண்டாம், சி.டி. ஸ்கேனருக்குள்ளும் விடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

டிரைபாட், ஆலன் கீ, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. ஒரு விமான நிலையத்தில் கேபினுக்கு அனுமதித்த டிரைபாடைத் திரும்பி வரும்போது இன்னொன்றில் அனுமதிக்காமல் போகலாம். தூசி ஊதும் ஸ்ப்ரே கேன் எந்தப் பெட்டியிலும் வேண்டாம், ரப்பர் புளோயர் போதும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒன்று பாக்கி. புறப்படும்போதே கஸ்டம்ஸில் பொருளைக் காட்டி, சீரியல் நம்பரோடு எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிவிட்டால், திரும்பும்போது "இதை எங்கே வாங்கினீர்கள்" என்று நிறுத்தினாலும் காட்டலாம். பாடியின் நம்பர் அடிப்பக்கத்தில் இருக்கும். லென்ஸின் நம்பரை, பாடியில் மாட்டும் மவுன்ட் பக்கம் தேடுங்கள். பில் நகலோடு இவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டால், வரிசையில் நின்றுகொண்டு லென்ஸைக் கழற்றித் தேட வேண்டியிருக்காது.