மூச்சுத்திணறலோடு போனேன், கல்லீரலைப் பற்றிக் கேட்டார்கள்

2021 மே மாதம். கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மக்கள் வரிசையில் நின்றதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான், மதுரையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் ஆக்சிஜன் அளவு 88. ஒரு தனியார் மருத்துவமனையில் எப்படியோ படுக்கை கிடைத்தது. அந்த அலைச்சல் தனிக்கதை.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு மனைவியின் வாட்ஸ்அப்புக்கு வந்தது. கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் நொதிகளான எஸ்ஜிஓடி 186, எஸ்ஜிபிடி 142. இரண்டும் சுமார் 40-க்குள் இருக்க வேண்டியவை. அம்மா காதில் விழுந்ததுதான் தாமதம், மஞ்சள்காமாலை என்றே முடிவு கட்டிவிட்டார். ஊரடங்கிலும் கீழாநெல்லி தேடி ஆள் போயாயிற்று.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா சிரித்தார். "காமாலையில் ஏறுற மஞ்சள் நிறமி, பிலிருபின், 0.8தான் இருக்கு, அது நார்மல். காமாலை எல்லாம் இல்லை." கிருமியை எதிர்க்க உடம்பு கிளப்பிவிடும் அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை, கல்லீரலையும் தொடுகிறது, ஆக்சிஜன் குறைந்தால் கல்லீரல் செல்கள் வாடும், கடுமையான ஃப்ளூவிலும் இப்படி ஏறுவது உண்டு என்றார். எஸ்ஜிஓடி தசையிலும் இருப்பதால், என் உடம்பு வலிக்கும் அதில் பங்கு இருக்கலாமாம்.

அப்புறம் கேட்டார்: "வீட்டில் என்னென்ன சாப்பிட்டீங்க?"

பாராசிட்டமால் 650, நாலு வேளை. சளிக்கு என்று கடையில் வாங்கிய இன்னொரு மாத்திரை, மூன்று வேளை. அதன் அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அதிலும் பாராசிட்டமால் 500! கூட்டினால் ஒரு நாளைக்கு 4,100 மில்லிகிராம். நல்ல உடம்புக்கே 4,000-ஐத் தாண்டக் கூடாது. போதாக்குறைக்கு எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கஷாயம் வேறு. "மூலிகைதானே டாக்டர்" என்றேன். சிலருக்கு அதுவே கல்லீரலைக் கெடுக்கும், இன்றோடு நிறுத்துங்கள் என்றார்.

ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸுக்கான பரிசோதனையும் எழுதினார். பில்லை ஏற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அழற்சியை அடக்க ஸ்டீராய்டு கொடுக்கும்போது உள்ளே அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் விழித்துக்கொள்ளக்கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு இல்லை.

ரெம்டெசிவிர் ஐந்து நாள். எஸ்ஜிபிடி இயல்பைவிடப் பத்து மடங்கைத் தாண்டினால் நிறுத்திவிடுவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் 171 ஆனபோது மனைவி அழுதுவிட்டாள். ஐந்தாம் நாள் 128. ஆக்சிஜனைக் குறைக்கக் குறைக்க இந்த எண்ணும் கூடவே இறங்கியது. கல்லீரலுக்கென்று தனியாக மருந்து எதுவும் தரவில்லை. நான் கேட்டும் தரவில்லை.

ஆறு வாரம் கழித்து எடுத்ததில் 36. ஸ்கேனில் மட்டும் கல்லீரலில் லேசாகக் கொழுப்பு தெரிந்தது. "இது கொரோனா கணக்கு இல்லை, உங்க பரோட்டா கணக்கு" என்றார் டாக்டரம்மா. வாரம் மூன்று நாள் பரோட்டா இப்போது ஒரு நாளாகியிருக்கிறது. சால்னாவைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.