அந்த மூவரும் என்ன ஆனார்கள்?

மறைந்த வேதபாட சேரைப் பற்றி ‘இனிய நினைவுகள்’ எழுதித் தரும்படி எங்கள் கல்லூரி மலர்க்குழு கேட்டது. அவர் விஷயத்தில் இனிமை கொஞ்சம் குறைவு. செருப்புச் சத்தம் கேட்டதுமே கடைசி வாங்கு அடங்கிவிடும், உங்களுக்குத் தெரியாததா?

லூக்கா ஒன்பதாம் அதிகாரம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வேதவாசகப் போட்டியில் 57 முதல் 62 வரை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். எங்கே போனாலும் பின்பற்றுவேன் என்றவன், தகப்பனை அடக்கம்பண்ண உத்தரவு கேட்டவன், வீட்டாரிடம் விடைபெற்று வருகிறேன் என்றவன், மூவருக்கும் இயேசு கொடுத்த கடும் பதில்கள். மண்டபம் கைதட்டியது. சேர் தட்டவில்லை.

“பிறகு அந்த மூன்று பேரும் என்ன செய்தார்கள், தம்பி?”

“தெரியாது, சேர்.”

மண்டபம் சிரித்தது. “லூக்கா எழுதவில்லை. அதையாவது கவனித்தீரா? நீர் பாடமாக்கியிருக்கிறீர், வாசிக்கவில்லை.” பரிசு, இரண்டு இடத்தில் திக்கியவனுக்குப் போயிற்று.

சீஷத்துவம், அதாவது இயேசுவைப் பின்பற்றுவது பற்றிப் படிப்பித்த நாளில் போன்ஹோபர் கதையைச் சொன்னார். 1939 ஜூனில் நியூயோர்க் போய்ச் சேர்ந்த ஹிட்லரை எதிர்த்த அந்த ஜேர்மன் போதகர் அங்கேயே பத்திரமாக இருந்திருக்கலாம். ஒரு மாதம்கூட இருக்கவில்லை. இந்தக் காலத்தின் துன்பத்தில் தன் மக்களோடு பங்குகொள்ளாவிட்டால், போருக்குப் பிறகு அவர்களுடைய கிறிஸ்தவ வாழ்வைத் திருப்பிக் கட்டத் தனக்கு உரிமை இராது என்று அமெரிக்க இறையியலாளர் நீபூருக்கு எழுதிவிட்டுக் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று நாசிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

“பிழையான கப்பல், சேர்” என்றான் ஒருவன். சேரும் சிரித்துவிட்டார்.

அப்படிச் சொன்னவன் இப்போது ரொறன்ரோவில் எனக்கு அயல். நானும் சரியான விமானம் பிடித்தவன்தான். வீட்டாரிடம் விடைபெறவும் தாராளமாக அவகாசம் கிடைத்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்து வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது சேரும் நாவற்குழிப் பாலம் கடந்தார். மறுவருடம் திரும்பிப் போய் அதே வாங்குகளுக்கு முன்னால் நின்றார். மகன் அனுப்பிய ஸ்பொன்சர் கடிதம் மேசை லாச்சியிலேயே கிடந்ததாம். தியாகம் என்று யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும் அவருக்கு.

நாங்கள் வருடாந்த விருந்தில் கல்லூரிக் கீதம் பாடுகிறோம், கட்டட நிதிக்கு அள்ளிக் கொடுக்கிறோம், ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானமும் போடுகிறோம். நீபூருக்குப் போன கடிதத்தை அந்த நேரத்தில் நினைக்காமலிருக்கப் பழகிவிட்டேன்.

இப்போது சேர் பெயரில் வேதவாசகப் பரிசு ஒன்று நிறுவுகிறார்களாம். காசோலை அனுப்பிவிட்டேன், ஒப்புவித்து முடிக்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கேள்வியை நீங்களே எழுதி அனுப்புங்கள் என்று செயலாளர் பதில் போட்டிருக்கிறார்.