கூட்டிப் பார்க்காத கோடுகள்

"எழுதிக் கொடுத்தா ஃபைல்ல இருக்கும் இல்லையா தம்பி?"

2013 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சார் கேட்ட கேள்வி இது. இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது என் தொழில். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "காபி ஆறுது சார், குடிங்க" என்றேன்.

சார் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கம். மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திருந்தார். மகள் குடும்பம் கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோ நகரில், வுல்ஃப் ரோட்டை ஒட்டிய ஓர் அபார்ட்மென்டில் இருந்தது. நான் ஹோம்ஸ்டெட் ரோட்டுக்கு வடக்கே, பக்கத்து ஊரான சன்னிவேலில். எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது நடையில்தான். காலையில் புரூன்ரிட்ஜ் அவென்யூவில் வுல்ஃப் ரோட்டிலிருந்து டான்டாவ் வரை போய்த் திரும்புவார். கார் ஓட்டத் தெரியாத பெற்றோர்கள் பலர் அந்தச் சாலையில் நடந்தார்கள். நம் ஊர்க்காரர்கள், ஆந்திராக்காரர்கள், தள்ளுவண்டியில் பேரக்குழந்தையை வைத்துத் தள்ளும் சீனப் பாட்டிகள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எதிரே வரும்போது தலையசைப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சாலையைத்தான் மூடப்போகிறார்கள் என்று சார் கண்டுபிடித்திருந்தார். ஆப்பிளின் புதிய தலைமையகத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் வரைவு அந்த ஜூனில் வந்திருந்தது. வுல்ஃப், ஹோம்ஸ்டெட், டான்டாவ், 280 நெடுஞ்சாலை ஆகிய நான்குக்கும் நடுவே சுமார் 175 ஏக்கர். அதை ஒரே வளாகமாக்க, குறுக்கே ஓடும் புரூன்ரிட்ஜ் சாலை போக வேண்டும். பொதுமக்கள் கருத்து எழுத 45 நாள் அவகாசம். சார் வந்தபோது அது முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

கையில் நாலு தாள். பேத்தியின் பள்ளி நோட்டிலிருந்து கிழித்தவை. விடிகாலையில் மூலையில் உட்கார்ந்து, நடந்து போகிறவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் எண்ணியிருக்கிறார். நாலு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. நாள், நேரம், திசை எல்லாம் ஓரத்தில். நம் துறைக்காரர்கள் செய்யும் வண்டிக் கணக்கெடுப்பு அச்சு அசலாக அப்படியே இருந்தது. "இங்கிலீஷ் நீங்க சரி பண்ணிக் குடுங்க தம்பி. விஷயம் நான் சொல்றேன்" என்றார்.

நான் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் போக்குவரத்துப் பொறியாளர். ஆப்பிள் திட்டத்தில் எங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் சுற்றியுள்ள நகரங்கள் தரும் வேலையில்தான் எங்கள் அலுவலகம் ஓடியது. என் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்த நிறுவனத்தின் பெயரில் நின்றது. எழுதாதே என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எழுதலாமா என்று நானும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேலாளர் தாராளமாக எழுது என்று சொல்லியிருக்கவும் கூடும். இதை இத்தனை வருடம் கழித்துத்தான் யோசிக்கிறேன்.

அன்று நான் சொன்ன காரணம் வேறு. அது பொய்யும் இல்லை. "சார், அந்த ரோட்டுல வண்டி கம்மி. மூடினா அந்த வண்டிங்க ஹோம்ஸ்டெட்டுக்குப் போகும். சிக்னல் தாங்கும். கணக்கு சரியா வரும் சார்."

எங்கள் கணக்கு எப்படி என்றால், ஒரு சந்திப்பில் ஒரு வண்டி சராசரியாக எத்தனை விநாடி காத்திருக்கிறது என்று பார்த்து ஏ முதல் எஃப் வரை தரம் போடுவோம். சிக்னல் உள்ள இடத்தில் 35 முதல் 55 விநாடி வரை 'டி'. 80 தாண்டினால் 'எஃப்'. ஒரு திட்டம் வந்தால் தரம் எவ்வளவு இறங்குகிறது என்பதே கேள்வி. நடக்கிற மனிதர் அந்த வாய்பாட்டில் வருவது, பெரும்பாலும் அவருக்காக விளக்கு எத்தனை விநாடி பச்சையாக நிற்க வேண்டும் என்ற அளவில்தான். வண்டிக்கு அவர் ஒரு தாமதம். பதினோரு வருடம் இந்தக் கணக்கைப் போட்டவன் நான். இதை அப்படி ஒரு வாக்கியமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை.

சார் விடவில்லை. "பொது வழியை எப்படி தம்பி ஒரு கம்பெனிக்கு எழுதிக் குடுப்பாங்க? நம்ம ஊர்ல பாதைப் புறம்போக்கு அது."

இங்கேயும் முறை இருக்கிறது, நகர மன்றம் விசாரணை நடத்தித் தீர்மானம் போட்டு, சாலை மீதான பொதுப் பயன்பாட்டை நீக்கலாம் என்று விளக்கினேன்.

"முறை எங்கேயும் இருக்கும். நான் கேட்கிறது ஆட்சேபணையைப் பத்தி. ஒருத்தன் ஆட்சேபணை எழுதிக் குடுத்தா, அதுக்குப் பதில் எழுதாம எங்க ஆபீஸ்ல ஃபைல் நகராது."

"பதில் வரும் சார். 'கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது'ன்னு ஒரு வரி வரும்."

"வரட்டுமே. எழுதிக் கொடுத்தா ஃபைல்ல இருக்கும் இல்லையா தம்பி?"

கலிஃபோர்னியாச் சட்டப்படி, வரைவு அறிக்கைக்கு வரும் கருத்துகளை முழுதாகவோ சுருக்கமாகவோ இறுதி அறிக்கையில் சேர்க்க வேண்டும். வழக்கமாகக் கடிதத்தை அப்படியே சேர்ப்பார்கள். எழுப்பிய கேள்விக்குப் பதிலும் எழுத வேண்டும். கடிதத்துக்கு ஓர் எண் உண்டு. அதற்குள் ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண் உண்டு. சாரின் நாலு தாளும் ஐந்துக்கொரு குறுக்குக் கோட்டோடு அச்சில் வந்திருக்கும். அவர் விசாவில் வந்தவர் என்பதும் தடையில்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம். அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். சாலையைக் காப்பாற்றிக் கொடு என்று கேட்கவில்லை. அது நடக்காது என்று முப்பது வருடம் அரசு வேலை பார்த்தவருக்குத் தெரியாதா?

காபியைக் குடித்தார். தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். எனக்கு நேரம் கிடைக்கும்போது பார்ப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். வாரம் போனது. கெடு முடிந்தது. அவர் திரும்பக் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

என் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011 ஜூன் 7 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் கூப்பர்டினோ நகர மன்றத்தின் முன் நின்று இந்தத் திட்டத்தை விளக்கிய காணொளியை இந்தப் பகுதியில் பார்க்காதவர் இல்லை. உடம்பு இளைத்துத் தளர்ந்திருந்தார். அந்த அக்டோபரில் இறந்தும் போனார். இந்த நிலம் எச்.பி. நிறுவனத்தினுடையதாக இருந்தது, தான் பதின்மூன்று வயதில் அதன் நிறுவனர்களில் ஒருவரான பில் ஹியூலெட்டுக்கு ஃபோன் செய்து பாகங்கள் கேட்டதும் கோடை வேலை கிடைத்ததும் அந்த நிறுவனத்தில்தான் என்று சொன்னார். அவர் படித்த ஹோம்ஸ்டெட் உயர்நிலைப் பள்ளி ஹோம்ஸ்டெட் சாலையிலேயே இருக்கிறது. ஒரு மன்ற உறுப்பினர் ஊருக்கு இலவச வைஃபை தருவீர்களா என்று கேட்டபோது, நாங்கள் வரி கட்டுகிறோம், அதையெல்லாம் செய்வது நகரத்தின் வேலை என்ற பொருளில் பதில் சொன்னார். இங்கே இருக்க முடியாவிட்டால் மவுன்டன் வியூ மாதிரி வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அதிக வரி கட்டும் நிறுவனம் அப்படிச் சொன்ன பிறகு, 60,000 பேர்கூட இல்லாத ஓர் ஊர் என்ன செய்யும்? அந்த நிறுவனத்தால் வரும் விற்பனை வரியில் பாதியை 1997 முதல் அந்த ஊர் திருப்பிக் கொடுத்து வந்தது. 2013 பேச்சுவார்த்தையில் அது 35 சதவீதமாகக் குறைந்ததே ஒரு சாதனையாகப் பேசப்பட்டது. இந்த எடைக்கு முன்னால் நாலு நோட்டுத் தாள் எம்மாத்திரம்?

இப்படிச் சொல்லும்போதே வேறொன்றும் தோன்றுகிறது. கூப்பர்டினோ பயந்தது என்று சொல்கிறேன். அன்று மேசையில் பயந்தவன் நான். எனக்கு யாரும் மவுன்டன் வியூவைக் காட்டவில்லை.

2013 அக்டோபர் 15 அன்று நகர மன்றம் ஒருமனதாக ஒப்புதல் தந்தது. சில சந்திப்புகளிலும் நெடுஞ்சாலையிலும் நெரிசல் தவிர்க்க முடியாதது என்று அறிக்கையே ஒப்புக்கொண்டிருந்தது. பாதிப்பை விட நன்மை பெரிது என்று மன்றம் தனியாகத் தீர்மானம் எழுதி அதைக் கடந்தது. சட்டம் அதற்கு இடம் தருகிறது. சார் அதற்குப் பத்து நாள் முன்பே ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் எஸ்.பி. 743 என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். சுற்றுச்சூழல் அறிக்கைகளில் வண்டியின் காத்திருப்பு விநாடியை வைத்துப் பாதிப்பைச் சொல்வதைக் கைவிடச் சொன்ன சட்டம் அது. அதற்குப் பதிலாக, ஒரு திட்டத்தால் மக்கள் மொத்தம் எத்தனை மைல் கார் ஓட்டுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 2020 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் கட்டாயமாயிற்று. "கணக்கு சரியா வரும் சார்" என்று நான் சொல்லி மூன்று மாதம் ஆவதற்குள், அந்தக் கணக்கே தப்பான கேள்விக்கு விடை என்று மாநிலம் சொல்லிவிட்டது. அலுவலகத்தில் அதைப் பற்றிய பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது நாற்பது பேருக்கு நடுவே எனக்கு முகம் சுட்டது. பக்கத்தில் இருந்தவர் புதிய மென்பொருள் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புதிய கணக்கிலும் நடக்கிறவர்களை நேராக எண்ணுவதில்லை. ஆகவே இதையும் பெரிய விடுதலையாகச் சொல்ல மாட்டேன்.

2018 கோடையில் சார் மறுபடி வந்தார். மகள் அதற்குள் சான் ஹோசேக்கு வீடு மாறியிருந்தாள். ஒரு நாள் நானே போய் அழைத்து வந்து, டான்டாவ் சாலையில் இருக்கும் ஆப்பிளின் பார்வையாளர் மையத்துக்குக் கூட்டிப்போனேன். மொட்டை மாடியில் நின்று பார்த்தால் மரங்களுக்கு மேலே, வளைய வடிவில் கட்டிய தலைமையகத்தின் ஒரு கீற்று தெரியும். சுற்றளவு ஏறக்குறைய ஒரு மைல். 28 லட்சம் சதுர அடி, நாலே மாடி. 12,000 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடம். உள்ளே ஆயிரக்கணக்கில் மரம், அதில் ஆப்ரிகாட்டும் பிளம்மும் உண்டு. 1916-இல் கட்டிய ஒரு பண்ணைக் கொட்டகையையும் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கு பழத்தோட்டமாக இருந்த காலத்தின் நினைவு. புரூன்ரிட்ஜ் என்ற பெயரிலும் பிளம்தான் இருக்கிறது, உலர்த்திய பிளம். அதை நான் சாரிடம் சொல்லவில்லை.

அவர் வெகுநேரம் பார்த்தார். நான் எதிர்பார்த்திருந்தது வேறு. கோபமோ, ஒரு பெருமூச்சோ வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இவ்வளவு தோண்டின மண்ணை எங்க கொண்டுபோய்க் கொட்டினாங்க?" என்று கேட்டார்.

"வெளிய கொண்டுபோகலை சார். அந்த மேடெல்லாம் அதுதான். அதுக்கு மேலதான் மரம் வச்சாங்க."

"நல்ல வேலை. ரொம்ப நல்ல வேலை" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நிறைய சாலை போட்ட மனிதர், நன்றாகக் கட்டிய ஒன்றைப் பார்த்து மனம் நிறைந்துபோனார். அவருக்கும் எனக்கும் நடுவில் நான் ஐந்து வருடம் வைத்திருந்த குற்றம் அவரிடம் இல்லவே இல்லையோ என்று தோன்றியது. அல்லது இருந்தும், அதைக் கட்டடத்தோடு சேர்க்காமல் தனியே வைக்கத் தெரிந்தவரோ. நான் கேட்கவில்லை.

காரில் திரும்பும்போது, டான்டாவில் புரூன்ரிட்ஜ் முட்டி நிற்கும் இடத்தைக் கடந்தோம். ஒரு வயதானவர் குடை பிடித்தபடி ஹோம்ஸ்டெட் பக்கம் நடந்துகொண்டிருந்தார். சார் திரும்பிப் பார்த்தார். "இப்ப அப்படித்தான் சுத்திப் போறாங்களா" என்றார். ஆமாம் என்றேன். இந்த முறை உடனே சொன்னேன்.

போன மாதம் வேறோர் ஊரின் திட்டத்துக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு பெண்மணி தன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் ஓக் மரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார். மரம் திட்ட எல்லைக்கு வெளியே இருக்கிறது. கேள்வி எதுவும் இல்லை, நினைவுகள்தான். இரண்டு முறை படித்தேன். பிறகு கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது என்றே எழுதினேன். வேறு என்ன எழுதுவது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் கடிதம் எண்ணோடு, பின்னிணைப்பில் இருக்கிறது.

சாரின் தாள்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கோடுகளை நான் இதுவரை கூட்டிப் பார்க்கவில்லை.